‘இதர’ என்றொரு ட்ரம்

கதிரியக்கக் கழிவுக் கிடங்கில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். எந்த ட்ரம் வந்தாலும், "இதுக்கு ஆயுசு எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. சீக்கிரம் அடங்கிவிடுவது மேல்குழிக்கு. ஆயிரக்கணக்கான வருஷம் ஆட்டம் போடுவது ஆழக்குழிக்கு. பதினெட்டு வருஷம் பிரித்துப் பிரித்து, வீட்டில் அழுக்குத் துணியைக்கூட மூன்று குவியலாகப் போடுகிற ஆசாமி.

நடையாய் நடந்து கேட்ட இடமாற்றம் ஒருவழியாக வந்தது. மனைவியும் மகளும் இருக்கிற ஊருக்கே! ஒரே நிபந்தனை: கிடங்கைக் காலி செய்து கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே கிளம்பலாம். நாற்பது ட்ரம்கள் லாரி ஏறிவிட்டன. நாற்பத்தொன்றாவதில் ஒட்டியிருந்த சீட்டில், ‘உள்ளே இருப்பது’ என்ற கட்டத்தில் ஒரே சொல்: இதர.

யோசிக்கச் சோம்பல்படுகிற அலுவலகங்களையெல்லாம் காலங்காலமாகக் காப்பாற்றி வரும் சொல். இதரச் செலவு, இதரக் காரணம் எல்லாம் நாலு நாளில் மறந்துபோகும். இது அப்படி மறந்துபோகிற சரக்கா?

சீட்டை எழுதிய ஆய்வக உதவியாளர் ஓய்வு பெற்றுவிட்டார். போன் போட்டுக் கேட்டார் ஜோசியர்.

"இதரன்னா இதரதான் தம்பி. எதுலயும் சேராததை அதுல போடுவோம்."

"சேராததுன்னா என்னென்ன அண்ணே?"

"அது தெரிஞ்சா அதது பேரையே எழுதியிருக்க மாட்டோமா?"

அதிகாரிக்கு அவசரம். "மீட்டர் கம்மியாத்தானே காட்டுது? மேல்குழின்னு எழுதி அனுப்புங்க ஜோசியரே."

"வெளிய கம்மி சார். உள்ள ஈயத்தைச் சுத்தி வெச்சிருந்தா மீட்டருக்கு என்ன தெரியும்?"

"முந்நூறு வருஷம் கழிச்சு யாருய்யா உங்களை வந்து கேக்கப் போறா?"

"கேக்க ஆளு இருக்கணுமே சார்."

வெளியே லாரி டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார். ஜோசியர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ‘வகை தெரியவில்லை. திறந்து சோதிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதிகாரி படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். லாரி நாற்பதோடு போயிற்று. சோதனைக்கூடத்தில் முறை வர ஏழு மாதமாம்.

மனைவியைக் கூப்பிட்டார். "இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"ஒண்ணுதானே? வேற யாராச்சும் கையெழுத்துப் போட மாட்டாங்களா?"

"போடுவாங்க. அதான் பயமா இருக்கு."

"அப்ப இதை உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

போன் கைமாறியது.

"அப்பா, பஸ் ஏறிட்டீங்களா?"