அவள் பெயரில் தூங்கும் மணி

மகள் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போகுமுன் எங்கள் பத்தாங் காலி வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் ஒரு மணிச் சத்தத்தையும் விட்டுப்போனாள். அவள் அங்கே போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் எங்கள் சமையலறையில் மணி ஒலிக்கும். என் மனைவி இங்கே ஒரு பொத்தானைத் தட்டுவாள். பதில் மகளுக்குப் போய்விடும். அம்மாவுக்கும் மகளுக்கும் அவ்வளவுதான் பேச்சு. "போன்ல குரலக் கேட்டா அழுதுருவேன். மணியே போதும்லா," என்பாள் மனைவி. அப்படி ஒரு வீம்பு.

நான் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். மணிக்குப் பின்னால் இருப்பது திரையில் முகம் காட்டாமல் வேலை செய்யும் ஒரு சின்ன நிரல். சர்வீஸ் என்போம். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் எழும் நிரல் ஒன்று உண்டு. ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் மண்டோர் மாதிரி, மற்ற சர்வீஸ்களை எழுப்புவது அதுதான். எல்லாவற்றையும் உடனே எழுப்பாது. சிலவற்றுக்காகத் தானே வாசலில் காத்திருக்கும். வெளியிலிருந்து செய்தி வந்து தட்டினால்தான் உரிய சர்வீஸை எழுப்பி அதன் கையில் கொடுக்கும். எங்கள் மணியும் அந்த வகைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுங்கை செம்பிலாங்கில் மனைவியின் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்வந்தோம். அதன் பிறகு மணி அடிக்கவில்லை.

மனைவி சமையல் முடிந்தும் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு வேலை அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. மகள் மேல் கோபம் கோபமாக வந்தது. போட்டேன் போனை.

"டெய்லி அடிக்கிறேன்பா. அம்மாதான் ரிப்ளை பண்ணல. எம்மேல கோவம்னு நெனச்சேன்," என்றாள். 

போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். திரையில் மகளின் பெயர். கீழே கடவுச்சொல் கேட்கும் கட்டம். விஷயம் புரிந்துவிட்டது. என் மனைவி தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் வளர்ந்தவள். அங்கே ஒரு வீட்டில் வயர் பற்றினால் வரிசையே எரியும். அந்தப் பயத்தில் வீட்டைப் பூட்டும்போது பிரிட்ஜைத் தவிர எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் இறங்குவாள். கம்ப்யூட்டர் சுவிட்சைத் தொடாதே என்று மகள் ஒட்டியிருந்த தாள் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. திரும்பி வந்து சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் எழுந்தது. மணி எழவில்லை.

"என் லோகின்ல செட் பண்ணிட்டேன்பா. நான் பாஸ்வேர்ட் போட்டு உள்ள வந்தாதான் அது மணிக்காகக் காத்திருக்க ஆரம்பிக்கும். சிஸ்டத்துக்கு மாத்திருங்க, கரண்டு வந்ததும் தானா வந்துரும். ஈசி லா."

ஈசிதான். அவள் பெயரிலிருந்து கம்ப்யூட்டரின் பெயருக்கு மாற்றிவைக்கிற வேலை. விசைப்பலகையில் கை வைத்தேன். மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"அவ உள்ள வந்தாதான் எழுமா?"

"ஆமா, அவ பேர்ல இருக்கறவரைக்கும்."

"அப்ப மாத்தாதீங்க. அவளே வந்து எழுப்பட்டும்."

ஸ்பீக்கரில் மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மனைவி போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நான் மாற்றவில்லை. இப்போதெல்லாம் மாலையில் போன் வருகிறது. இருவரும் அழுகிறார்கள், நடுநடுவே குழம்பு பற்றிப் பேசுகிறார்கள். எனக்கும் அவளைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது. என்னை யார் கேட்கிறார்கள்? கம்ப்யூட்டர் மகளின் பெயரைக் காட்டியபடி அப்படியே நிற்கிறது. வீட்டைப் பூட்டும்போது அந்த ஒரு சுவிட்சை மட்டும் மனைவி இப்போது தொடுவதில்லை.