பரிபரி, மொறுமொறு

என் அம்மாவை ஒரு ஜப்பான்காரி என்னிடமிருந்து பறித்துக்கொண்டாள். அவளுக்கு வயது ஒன்பது. எனக்கும் அதே வயதுதான்.

சவூதியின் ஜுபைலில் அப்பா வேலை பார்த்த பிளான்ட்டுக்கு இரண்டு வருட பிராஜக்டுக்காக வந்திருந்த இஞ்சினியரின் மகள் அவள். ஒரே காம்பவுண்டு, எங்களுக்கு நேர் மாடி. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அவளுக்கும் யெஸ், நோவைத் தாண்டாது. இரண்டு பேருக்கும் பேச வழியே இல்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

கெடுத்தது அப்பளம். ஒருநாள் விளையாட வந்தவள், அம்மா பொரித்து நீட்டிய அப்பளத்தைக் கடித்துவிட்டு "பரிபரி" என்றாள். அம்மா கொஞ்ச நேரம் விழித்தாள். பிறகு தானும் ஒன்றைக் கடித்து "மொறுமொறு" என்றாள். அவ்வளவுதான், இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஜப்பானில் தொட்டால், தின்றால், வலித்தால் எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் இரட்டைச் சொல் உண்டாம். நம்மிடம் இல்லாததா? நறுக்கிய வெண்டைக்காயைத் தொட்டு அவள் "நெபாநெபா" என்றால் அம்மா "கொழகொழ" என்பாள். இட்லியை அமுக்கி "ஃபுவாஃபுவா" என்றால் "மெத்துமெத்து". தினமும் நாலு மணிக்கு இந்தக் கச்சேரிதான். எனக்கு வயிறு எரிந்தது. நான் தின்ற அத்தனை அப்பளத்துக்கும் அம்மா ஒருமுறைகூட இப்படிச் சிரித்ததில்லை. நான் "க்ரிஸ்பி" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை என்பது மட்டும் வசதியாக மறந்துவிட்டது.

ஒருநாள் சட்டியிலிருந்து எடுத்த முதல் முறுக்கை அவளிடம் கொடுத்துவிட்டு, அம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் முறுக்கு எப்போதும் எனக்குத்தான். காதைப் பொத்திக்கொண்டு அழுதேன். காதுக்கு ஒன்றுமில்லை.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். "எப்படிடி வலிக்குது? விண்விண்ணுன்னு தெறிக்குதா, சுருக்சுருக்குன்னு குத்துதா?"

வலித்தால்தானே தெரியும். "பெயின், மம்மி."

அந்தப் பெண் இரக்கத்தோடு என்னைப் பார்த்தாள். தன் காதருகே விரல்களைத் துடிப்பதுபோல் விரித்து மூடி, "ஸுகிஸுகி?" என்றாள்.

"விண்விண்ணுன்னுதான் கேக்குறா. அப்படியா இருக்கு?"

என் வலியையும் இவளே சொல்வதா? "ஜஸ்ட் பெயின்" என்று கத்தினேன்.

அம்மா முறுக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அவளை அனுப்பினாள். என்னை மடியில் போட்டு உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு மணியடித்தது. நானே ஓடிப்போய்க் கதவைத் திறந்து, கையைக் கன்னத்தில் வைத்து, "மம்மி ஸ்லீப்பிங்" என்றேன். மூன்றாம் நாளும் அப்படியே சொன்னதும் அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

அம்மா வாசலைப் பார்த்தபடியே அப்பளம் பொரித்தாள். ஒன்றை என்னிடம் நீட்டினாள். "எப்படி இருக்கு?"

"நைஸ்" என்றேன்.

தலையாட்டிவிட்டுச் சட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாவை மீட்டுவிட்டேன் என்று எனக்கு அன்று ஒரே சந்தோஷம். அந்த வீட்டில் அம்மாவோடு பேச இருந்த ஒரே ஆளை நான் துரத்திவிட்டேன் என்பது புரியப் பல வருடங்கள் ஆயின.