எனக்கு மட்டும் சமைத்த மாதங்கள்

என் கணவர் இன்சுலினை நிறுத்தியபோது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலை வேலை. கூட வேலை பார்த்த ஒருவர், மீஞ்சூரில் இருந்த இயற்கை வைத்தியரிடம் அவரைக் கூட்டிப் போனார். அடுப்பில் வைத்த எதையும் சாப்பிடக் கூடாது, மருந்தெல்லாம் விஷம் என்று அங்கே கேட்டுக்கொண்டு வந்தார்.

"கீரை, காய் இன்னா வேணா சாப்பிடுங்க. ஊசியை மட்டும் நிறுத்தாதீங்க" என்றேன்.

"நீ இன்னா டாக்டரா?"

"அவரு டாக்டரா?"

அதோடு பேச்சு குறைந்துபோனது. முளைகட்டின பயறும் தேங்காயும் எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருவார். நான் எனக்கென்று ஒரு பிடி அரிசி களைந்து வைப்பேன். தாளிக்கிற வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் தாளிப்பதையே விட்டுவிட்டேன். இளைத்துவிட்டார் என்று ஆலையில் எல்லாரும் பாராட்டினார்களாம். மகளிடம் போனில் சொன்னால், "அப்பா சந்தோஷமாத்தானே கீறாரு, வுடும்மா" என்றாள்.

ஒரு நாள் காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு வேகமாக வாங்கியது. வாயில் அழுகிய பழத்தின் வாடை. அவர் போனிலிருந்தே வைத்தியரைக் கூப்பிட்டேன்.

"கழிவு வெளிய போய்க்கினு இருக்குதும்மா. நல்ல அறிகுறிதான், பயப்படாதீங்க."

போனை வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். டாக்டர் என்னைத்தான் திட்டினார். "கூட இருக்கிறவங்க பாத்துக்க மாட்டீங்களா?"

இப்போது ஒழுங்காக ஊசி போட்டுக்கொள்கிறார். மீஞ்சூரிலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. ஒரு சாயங்காலம் அவராகவே பேசினார்.

"அங்க போனா உக்காரவெச்சிக் கேப்பாரு. தூக்கம் வருதா, மனசு எப்பிடிக் கீதுன்னு. ஆஸ்பத்திரில சீட்டைப் பாத்துட்டு அனுப்பிடறாங்க."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உயிரோடு விளையாடிய அந்த வைத்தியரை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் என்னை அப்படி யாராவது கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்றுதான் மனம் போனது.

"இப்பத் தூக்கம் வருதா?" என்று கேட்டேன்.

"வருது" என்றார், டிவியிலிருந்து திரும்பாமல்.

என்னையும் கேட்பார் என்று கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன்.