அறக்குளாப் பெட்டியில் இருந்த சாட்சியங்கள்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் நெருப்புப் பிடித்துக் கருகிக் கிடந்த ஒரு சலவைக்கடையைக் குத்தகைக்கு எடுத்துப் பலசரக்குக் கடையாக்கியவன் நான். அதன் பின்பக்கத்தில், மீன் வைக்கும் பிரீசர் அறையை, யாரோ கழற்றிப்போட்ட பலகைகளையும் மோட்டரையும் வாங்கி, இந்த இரண்டு கைகளால் கட்டியவனும் நான்தான். மூன்று மாதம் தாங்காது என்றவர்கள் இன்றைக்கும் அதற்குள் இருந்து வரும் மீனைத்தான் தின்கிறார்கள். மேல்மாடியில் மூன்று அறைகள் போட்டேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஜெர்மனியில் கோப்பை கழுவிவிட்டு இங்கே வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் யெஸ், நோ, தாங்க்யூ. இதெல்லாம் கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டின் நீதி அமைச்சரை உருவாக்கியதிலும் எனக்குப் பங்கு உண்டு.

"இதை எழுதாதேங்கோ. பிறகு ஆரும் தேடி வருவாங்கள்" என்கிறாள் மனைவி. பயத்தில் சொல்கிறாள். அந்தப் பயம் எனக்கும் விட்டுப்போகவில்லை. ஆகவே பெயர்கள் இல்லை. ஆபிரிக்காவில், சண்டை முடிந்த ஒரு நாடு. அவ்வளவு போதும்.

அவர் என் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவர். தன் நாட்டில் வழக்கறிஞர். இங்கே செக்யூரிட்டி வேலை. ஷிப்ட் இல்லாத நாட்களில் லண்டனில் இருந்த தன் நாட்டு ஆட்களைத் தேடிப் போவார். எந்தத் தளபதி எந்த ஊரை எரித்தான், யாரைக் கொன்றான் என்று அவர்கள் சொல்லச் சொல்லக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார். ஒவ்வொரு சாட்சியத்தின் அடியிலும் சொன்னவருடைய பெயர் இருக்கும். ஊரில் இன்னும் இருக்கிற அவருடைய உறவுகளின் பெயர்களும் இருக்கும். அப்படி ஒரு பெட்டி நிறையக் கொப்பிகள். என் மனைவி அவித்துக் கொடுக்கும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டுதான் அவற்றைத் துப்புரவாகத் திருப்பி எழுதினார். கடையில் கேட்டுப் பழகி என்னை "அண்ணை" என்று கூப்பிடுவார். மற்றதெல்லாம் ஆங்கிலம், எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

2009ஆம் ஆண்டு. எங்களுடைய சனம் முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த காலம். என் தங்கை எந்த முகாமில் இருக்கிறாள் என்று தெரியாமல், தொலைபேசி அடித்தாலே பாதி வியாபாரத்தில் விட்டுவிட்டு ஓடுவேன். அந்த நாட்களில் ஒருநாள் அவர் கல்லாவுக்கு வந்து மெல்லச் சொன்னார்.

"அண்ணை, என்னை நீதி அமைச்சராப் போடப் போகினம். புதன்கிழமை விமானம். நான் போய் இறங்குமட்டும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

ஓம் என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேனா? இல்லை. ஒரு பிள்ளை டொக்டராகிவிட்டால்கூடப் படம் போட்டு 'வாழ்த்துகிறோம்' என்று ஒட்டுகிற சனம் நாங்கள். என் வீட்டில் இருந்து ஒரு அமைச்சர் போகிறார்! திங்கட்கிழமை காலை அவருடைய படத்தோடு, தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த பெரிய போஸ்டரைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். வாழைக்காயும் பனையெண்ணெயும் வாங்க அவருடைய நாட்டு ஆட்களும் வருகிற கடை அது. அது என் மண்டையில் ஏறவில்லை.

பதினொரு மணிக்கு மண்ணிறத் தோல் ஜாக்கெட் போட்ட ஒருவன் வந்தான். ஒரேயொரு வாழைக்காய் வாங்கினான். "இவர் இங்கேயா இருக்கிறார்?" என்று போஸ்டரைக் காட்டிக் கேட்டான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மேலேதான் என்று கையையும் காட்டினேன்.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்த அமைச்சர் போஸ்டரைக் கண்டதும் சுவரில் சாய்ந்துவிட்டார். நான் தோல் ஜாக்கெட்காரனைப் பற்றிச் சொன்னேன்.

"அவன், கொப்பியில கூட எழுதிக் கிடக்கிற பெரிய தளபதியின்ர ஆள். எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை. கொப்பி அவன்ர கையில போனால் ஊரில ஒரு குடும்பமும் மிஞ்சாது."

பொலிசுக்குச் சொல்லலாம் என்றேன். முதலில் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பார்கள், ஒரு கண் பட்டாலும் ஆபத்து என்றார். எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஊரில் சுற்றிவளைப்பில் எங்களை வரிசையில் நிறுத்தி, முகமூடி போட்ட தலையாட்டி ஒருவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க விட்டபோது நானும் நடந்திருக்கிறேன். ஒரு தலையசைப்பு ஒரு ஆளைக் கொண்டுபோகும். அந்தக் கொப்பிகளுக்குள் எத்தனை தலைகள்!

மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. "உங்கட வாய்க்கு ஒரு பூட்டுப் போட ஏலாதோ?" என்றாள். பிறகு அவளேதான் கொப்பிகளைக் குப்பைப் பைகளில் சுற்றித் தந்தாள். அறக்குளா மீன் பெட்டி ஒன்றின் அடியில் அவற்றை அடுக்கி, மேலே மீனைப் போட்டு, அதன் மேல் இன்னும் இரண்டு பெட்டிகளை ஏற்றினேன். அமைச்சரைச் சாமான் ஏற்றுகிற வான் வண்டியில் ஏற்றி மோர்டனில் இருக்கிற மச்சாள் வீட்டில் விட்டுவந்தேன்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்து பத்து நிமிடம் ஆகவில்லை, தோல் ஜாக்கெட்காரன் இன்னொருவனோடு வந்தான். மற்றவன் கேட்காமலே மேலே ஏறினான். அறைக்கதவு உடைகிற சத்தம் கேட்டது. மனைவி கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோல் ஜாக்கெட்காரன் பிரீசர் அறையைக் காட்டினான்.

"அதற்குள் என்ன?"

"மீன்" என்றேன்.

அவன் என்னையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனான். முதல் பெட்டியைத் திறந்து கையை விட்டுத் துழாவினான். மீன். இரண்டாவதையும் திறந்தான். மீன். அவனுடைய விரல்கள் சிவந்துவிட்டன. மூன்றாவது பெட்டியின் மூடியில் கை வைத்தான்.

அந்த அறையில் ஒரு பிழை இருந்தது. வீட்டுப் பிரிட்ஜில் போல, கதவு மூடினால் விளக்கு அணையும்படி வயர் இழுத்துவிட்டேன். உள்ளே ஆள் நின்றாலும் இருட்டுத்தான். வயரைப் பார்க்க வந்த ஒரு பெடியன், "அண்ணை, மீன் நித்திரை கொள்ளட்டுமெண்டோ லைட்டை நூக்கிறியள்?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அந்த ரோசத்தில் வேண்டுமென்றே திருத்தாமல் விட்டேன்.

நான் காலால் கதவைத் தள்ளினேன். அது மூடியது. கண்ணுக்கு முன்னால் கறுப்பு; மோட்டர் இரைகிற சத்தம் மட்டும். அவன் தன் மொழியில் கத்தினான். என் சட்டையைப் பிடித்தான், விட்டான், சுவரை அடித்தான். உள்கைபிடி ஒரு பக்கம் சரித்து இழுத்தால்தான் திறக்கும். அதைக் கட்டியவனுக்கு மட்டும்தான் தெரியும். அவனைப் பயப்படுத்த மெதுவாகத் திறந்தேன் என்று பின்னர் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையை இங்கே எழுதுகிறேன்: நானே பூட்டிய கைபிடியை அந்த இருட்டில் என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இரண்டு பேரும் இதற்குள்ளேயே விறைத்துச் சாகப் போகிறோம் என்று நினைத்தேன். காற்சட்டை நனைந்திருந்தது.

கதவு திறந்ததும் என்னைத் தள்ளிவிட்டு ஓடினான். மூச்சு வாங்க, கூட்டாளியையும் கூப்பிட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போனான். மூன்றாவது பெட்டியைத் திறக்க அவன் திரும்பி வரவில்லை.

புதன்கிழமை அமைச்சர் மீன் மணக்கிற கொப்பிகளோடு விமானம் ஏறினார். அங்கே அவர் போட்ட முதல் சட்டம் சாட்சிகளைக் காப்பாற்றுகிற சட்டம். அந்தக் கொப்பிகளை வைத்துத்தான் தளபதியைக் கூண்டில் ஏற்றினார். கடைசியில் கூட இருந்தவர்களே அவரைப் பதவியில் இருந்து இறக்கினார்கள். அதன் பிறகு ஒரு புத்தகம் எழுதி எனக்கும் அனுப்பினார். என் மகள் வாசித்துச் சொன்னாள். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு நன்றி, ஒரு பேராசிரியருக்கு நன்றி. கொப்பிகள் 'லண்டனில் ஒரு பாதுகாப்பான இடத்தில்' இருந்தனவாம்.

பாதுகாப்பான இடமா? அந்த இடத்தில் நான் நின்றேன். இன்றைக்கும் மண்ணிற ஜாக்கெட்டோடு யாராவது கடைக்குள் வந்தால் நான் முதலில் பிரீசர் கதவைத்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

தம்பி, இது உங்களுக்கு எட்டினால், புத்தகத்தை அடுத்த முறை அச்சடிக்கும்போது திருத்துங்கள். அது பார்க்கிங்கில் ஒரு தமிழ்க் கடையின் பிரீசர் அறை என்று எழுதுங்கள். கொப்பிகளைச் சுற்றித் தந்தது என் மனைவி என்று எழுதுங்கள். போஸ்டர் ஒட்டிய மடையன் நான் என்பதையும் எழுதுங்கள், பரவாயில்லை. ஆனால் அந்த அறையை, பிழையான விளக்கோடு, கட்டியவன் நான் என்பதை விடாமல் எழுத வேண்டும்.