எர்த் பைப்பில் கட்டிய மாடு

மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவளுக்குப் பால் குறைந்தால் ஒரு கவலை, குறையாவிட்டால் எப்போது குறையுமோ என்று இன்னொரு கவலை. மாடு வைத்திருந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நான் ஏழாவதோடு நின்றவள். கரண்டு சமாச்சாரத்தைத் தப்பாகச் சொல்லி, அதைக் கேட்டு யாராவது எதையாவது தொட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

வெந்நீர் உபசாரம்

எங்கள் ஊர் மத்திகிரிக் குளிரில் காலையில் தொட்டித் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். என் மாடு செவலை சரியாகக் குடிக்காது. பாவமே என்று ஒரு ஹீட்டர் ராடை வாங்கித் தொட்டியில் தொங்கவிட்டேன். ஆறிவிடக் கூடாதென்று மாடு குடிக்கும்போதும் அணைக்கவில்லை. செவலை வாய் வைத்த வேகத்தில் தலையை உதறிப் பின்வாங்கியது. மூன்று நாளாக இதே கதை. மிளகாய் சுற்றிப் போட்டேன். கேட்கவில்லை, பால் பாதியானது. என் வீட்டுக்காரர் சொன்னார்: "அடுத்த சந்தைக்குக் குந்தாரப்பள்ளிக்கு ஓட்டிடலாம். அங்க யாராவது இதுக்குக் காபி போட்டுக் குடுப்பாங்க."

செருப்பு

காலையில் பால் வாங்க வருகிற முருகேசன் தம்பி கம்பெனி ஒன்றில் எலக்ட்ரீஷியன், மதுரைப் பக்கத்துக்காரர். அவரிடம் புலம்பிக்கொண்டே தொட்டிக்குள் கையை விட்டுக் காட்டினேன். "பாருங்க தம்பி, நல்லா வெதுவெதுன்னுதான இருக்கு?"

அவர் என் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினார். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நீங்க ரப்பர் செருப்புப் போட்டிருக்கீங்க. மாடு போடலையே."

முளை

ராடு வெடித்திருந்தது, தண்ணீரில் கரண்டு கசிந்திருக்கிறது. "வீட்டு எர்த் பைப் எங்கக்கா?" என்று கேட்டார். செவலையைக் கட்டியிருந்த இரும்புக் குழாயைக் காட்டினேன். வீடு கட்டியபோது ஆழமாக அடித்தது. அசையாமல் நிற்கிறதே, முளைக்கு ஆச்சு என்று அதிலேயே சங்கிலி போட்டுக் கட்டிவந்தேன்.

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "வாய் ஹீட்டர் தண்ணியில, கழுத்து எர்த் பைப்புல. நடுவுல மாடு ஒயரா நிக்குதுக்கா."

செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அது என் முந்தானையை மென்றது.

இப்போது தண்ணீரை அடுப்பில் சுடவைத்து ஊற்றுகிறேன், செவலையைத் தள்ளி ஒரு கல்தூணில் கயிற்றால் கட்டுகிறேன், அத்தனையும் செய்தும் மனசு கேட்காமல் அது குடித்து முடிக்கும்வரை மெயின் சுவிட்சையே அணைத்துவிடுகிறேன். பால் பழையபடி வந்துவிட்டது, வீட்டுக்காரருக்குத்தான் டி.வி.யில் காலைச் செய்தி தினமும் பாதியோடு நிற்கிறது.