அக்காவின் பச்சைப் பந்து

என் அக்கா ரேணுகாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் "தங்கமான பொண்ணு" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தி முப்பத்தொன்பது வயது வரைக்கும் தனக்கு வேண்டியதை வாய் திறந்து கேட்காமலே இருந்தால் அவளுக்கு ஊர் கொடுக்கிற பட்டம் அது. நான் திவ்யா, அவளுக்கு மூன்று வயது இளையவள். என்னை யாரும் தங்கம் என்று சொன்னதில்லை, வாயாடி என்பார்கள். அந்த வாயும் வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டதைத்தான் சொல்லப்போகிறேன்.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து இடது கைப் பழக்கம். வேடந்தாங்கலுக்கு இரண்டு மைல் தள்ளி எங்கள் ஊர், நெல் வைக்கிற குடும்பம். அங்கே அதை இடது கை என்று யாரும் சொல்வதில்லை. பீச்சாங்கை. எங்கள் அம்மா ஆராயி ஒரு பழைய துண்டால் அக்காவின் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் தட்டில் சோறு போடுவாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஸ்கேலைக் குறுக்காகத் திருப்பி விரல் முட்டியில் அடிப்பார். கோயிலில் திருநீறுக்கு ஒருமுறை அந்தக் கையை நீட்டிவிட்டாள் என்று பூசாரி தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவளுக்கு அப்போது ஏழு வயது. அன்று வீட்டுக்கு வந்தும் அடி வாங்கினாள்.

பத்து வயதுக்குள் கை திருந்திவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். திருந்தவெல்லாம் இல்லை. ஆள் இருந்தால் வலது கை, ஆள் இல்லாவிட்டால் இடது கை என்று அவள் பிரித்துக்கொண்டாள், அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த அன்று அம்மா அவள் இடது கையில் ஒரு கர்ச்சீப்பைத் திணித்து, "இத்த உடாம புட்சிக்கோ, அது பாட்டுக்கு எதையாச்சும் எடுத்துடப் போவுது" என்றாள். அந்தக் கர்ச்சீப்பைப் பிடித்தபடியே அக்கா செங்கல்வராயன் மாமாவுக்குக் கழுத்தை நீட்டினாள். மாமா ஊரப்பாக்கத்தில் வேன் ஓட்டுகிறார், ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை. கல்யாணமாகிப் பதினாறு வருடம். தன் பெண்டாட்டிக்கு இடது கைப் பழக்கம் என்று அவருக்குத் தெரியாது.

அக்காவுக்கு வேலை சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில். வரிசையாக வரும் வளையங்களில் பழுதானதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனியில் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி, நெம்மேலி தாண்டிக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு பவுலிங் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழவழவென்று நீண்ட மரத்தரை, அதற்கு லேன் என்று பெயர். அதன் கடைசியில் பத்துக் கட்டைகள். கனமான பந்தில் மூன்று விரலை நுழைத்து உருட்டிவிட்டுக் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். அக்கா வலது கையால் உருட்டினாள். மூன்று முறையும் பந்து பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு இடது கையால் ஒன்று உருட்டிப் பார்த்திருக்கிறாள். பத்தும் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தால் கூட வேலை செய்கிற கீர்த்தனா என்ற பெண் நின்றுகொண்டிருந்தாள். அடி விழும் என்று அக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாளாம். கீர்த்தனாவோ கையைத் தட்டி, "அக்கா, சூப்பர்க்கா! இன்னொரு தபா போடு" என்றிருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் பஸ் மாறிப் பஸ் மாறி அங்கே போய்விடுவாள். கம்பெனிப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து ஓர் அணியே ஆகிவிட்டார்கள். வீட்டிலிருந்து யாரும் போய்ப் பார்த்ததில்லை. அக்கா யாரையும் கூப்பிட்டதும் இல்லை. ஏன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

இந்த வருடம் சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கு இடையே போட்டி என்றார்கள். அக்கா தனக்கென்று ஒரு பந்து வாங்கவேண்டும் என்றாள். கூடத்துப் பந்துகளின் ஓட்டை எல்லோருக்கும் பொதுவாகப் பெரிதாக இருக்கும், இறுக்கிப் பிடித்தே கட்டைவிரல் வீங்கிப்போகிறது என்றாள். தன் சம்பளத்தில் தனக்கென்று அவள் ஒரு பொருள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அந்தப் பந்தின் மேல் எவ்வளவு ஆசை என்றால், எனக்குப் போன் செய்து அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினாள். என் அக்கா அரை மணி நேரம் எதைப் பற்றியும் பேசுகிறவள் இல்லை.

மாமா இதை வண்டி வாங்குகிற மாதிரி ஆக்கிவிட்டார். நல்ல நேரம் பார்த்து, ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் வேனில் ஏற்றி, என்னையும் கூப்பிட்டு, கேளம்பாக்கத்தில் ஜெபகுமார் என்பவரின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர்தான் பந்து விற்று, விரலுக்கு அளவெடுத்து ஓட்டையும் போட்டுத் தருகிறவர்.

கடையில் அக்கா பேசியதைப் பார்த்து நான் அசந்துபோனேன். மாமா பதினான்கு பவுண்டு பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "ரேணு, இதுவும் அதே வெலதான். கனமா கீது, இத்தயே எடு" என்றார், என்னவோ மீன் வாங்குகிற மாதிரி. அக்கா, "வேணாங்க. வாரா வாரம் மூணு ஆட்டம் ஆடறேன், தோள்பட்டை போயிடும். பதினொண்ணு போதும்" என்றாள். ஜெபகுமார் வளைந்து போகும் விலை கூடிய பந்துகளைக் காட்டினார். அதற்கும், "நான் இப்பதாண்ணா கத்துகினு வரேன். நேரா போற பந்து குடுங்க" என்றாள். கடைப்பையன் ரோஸ் கலர்தான் லேடீஸ் கலர் என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கரும்பச்சையில் ஒன்றைக் காட்டினாள். எனக்குக் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது.

ஜெபகுமார் அளவெடுக்கிற கருவியை எடுத்து வைத்தார். "சிஸ்டர், ஒவ்வொரு வெரலுக்கும் தனித்தனியா அளவு பாத்துதான் ஓட்டை போடுவோம். செருப்பு மாதிரிதான், இடது வலது மாறக்கூடாது. எந்தக் கை?"

அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் மாமா, "இன்னா சார் கேள்வி இது? சோத்தாங்கைதான்" என்றார். பக்கத்தில் நின்ற அம்மா அக்காவைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

"கையக் குடுங்க சிஸ்டர்" என்றார் ஜெபகுமார். அக்கா வலது கையை நீட்டினாள்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மூன்றடி தூரம். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். மூன்று பேரும் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றோம், அந்த மனிதர் அவளுக்கு வேண்டாத கையை விரல் விரலாக அளந்து எழுதிக்கொண்டார். ஊருக்கே வாய் காட்டுகிற நான் அன்றைக்கு எந்த மண்ணைத் தின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பந்து வீட்டுக்கு வந்தது. மாமா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். நான் அக்காவுக்குப் போன் செய்து, "ஏன்க்கா சொல்லல?" என்று கத்தினேன்.

"அம்மா நின்னுகினு இருந்திச்சிடி" என்றாள்.

"உனக்கு முப்பத்தொம்போது வயசுக்கா!"

"உடுடி. கையக் குடுன்னு சொன்னா எனக்கு அந்தக் கைதான் வருது. நான் இன்னா பண்றது? இந்தக் கையாலயே போட்டுப் பழகிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை அதே கடற்கரைச் சாலைக் கூடத்தில் போட்டி. எட்டு அணிகள். அம்மா, மாமா, நான் மூவரும் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பச்சைப் பந்தை வலது கையில் எடுத்தாள். நடந்து போனதே யாரோ மாதிரி இருந்தது. பந்து பள்ளத்தில். இரண்டாவதும் பள்ளத்தில். ஆளுக்குப் பத்துச் சுற்று ஆடவேண்டும், ஐந்து சுற்று முடிந்தபோது அவள் சாய்த்திருந்தது மொத்தமே பதினோரு கட்டை. கீர்த்தனா ஓடிவந்து, "அக்கா, இன்னாக்கா ஆச்சு உனக்கு? எப்பவும் போடுற மாதிரி போடுக்கா!" என்றாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். மாமா சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உடு ரேணு, உனக்கு வரல. ஆசைக்கு ரெண்டு உருட்டுன இல்ல, போதும் வா" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்தேன். எழுந்து என்ன பிரயோஜனம், வாய் வரவில்லை. நான் அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே அக்கா பச்சைப் பந்தைத் தரையில் வைத்தாள். பொதுப் பந்துகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போய், பழைய பந்து ஒன்றை எடுத்து இடது கையில் மாட்டிக்கொண்டாள். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. நாலு எட்டு வைத்தாள், குனிந்தாள், விட்டாள். எட்டுக் கட்டை. மறுபடி எடுத்தாள், மீதி இரண்டும் போயிற்று. கீர்த்தனா போட்ட கூச்சலில் கூடமே திரும்பிப் பார்த்தது.

அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். "ஊரு சனத்துக்கு முன்னாடி பீச்சாங்கையத் தூக்கி ஆட்டிகினு" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. மாமா என் பக்கம் குனிந்து, ஏதோ ஏமாந்துபோனவர் மாதிரி, "ஏம்மா திவ்யா, இவளுக்கு அந்தக் கைப் பழக்கமா? பதினாறு வருசமா ஒருத்தரும் சொல்லவேயில்லயே" என்றார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "உங்க வூட்டுல சமையல்கட்டு எந்தப் பக்கம் கீதுன்னு தெரியுமா மாமா? அங்க ஒரு நாள் எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவ வெங்காயம் அரியறது, தோசை திருப்பறது எல்லாம் அந்தக் கையாலதான். பதினாறு வருசமா அத்தத்தான் தின்னுகினு கீறீங்க" என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்துவிட்டார்.

கடைசிச் சுற்றில் அக்கா ஒரே பந்தில் பத்தையும் சாய்த்தாள். அப்படியும் அணி நான்காவதாகத்தான் வந்தது, பரிசு ஒன்றும் இல்லை. முதல் ஐந்து சுற்று ஒழுங்காக இருந்திருந்தால் கோப்பை அவர்களுக்குத்தான். அங்கே சாமான் விற்க வந்திருந்த ஜெபகுமார் தலையில் கை வைத்துக்கொண்டார். "சிஸ்டர், நீங்க லெஃப்ட்டா? அன்னிக்கு நான் கேட்டேனே!" ஓட்டைகளை அடைத்துவிட்டு வேறு போட்டுத் தருவதாகச் சொன்னார். அக்கா, கேட்காமலேயே இடது கையை அவர் முன்னால் நீட்டினாள். அங்கேயே அளந்துகொண்டார். மாமா பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மாமாவுக்கு வேனில் சவாரி இருந்ததால் நாங்கள் மூன்று பெண்களும் மாமல்லபுரம் வந்து, செங்கல்பட்டு பஸ்ஸுக்கு நின்றோம். அதுவரை அம்மா அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் வர நேரமாகும் என்றதும் டீக்கடையில் மூன்று டீ சொல்லி, கண்ணாடி டம்ளர் ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா இடது கையை நீட்டினாள்.

அம்மா டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "கைய மாத்து" என்றாள்.

அக்கா மாற்றவில்லை. நீட்டியது நீட்டியபடியே நின்றாள். கொதிக்கிற டீ, அம்மாவின் விரல் சுட்டுச் சிவந்தது. டீக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள், எல்லோரும் பார்த்தார்கள். சுடட்டும், இன்னும் சுடட்டும் என்றே நினைத்தேன்.

"ம்மா, எனக்கு இதான் கை" என்றாள் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "இத்த ஒட்ச்சிப் போட்டாலும் இதான் கை. குடுக்கறதுன்னா இதுல குடு. இல்லன்னா எனக்கு டீ வேணாம், இனிமே உன் கையால எதுவும் வேணாம்."

அம்மா அவளையே பார்த்தாள். பிறகு முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டு, டம்ளரை அந்தக் கையில் வைத்தாள்.

அக்கா ஊதி ஊதிக் குடித்தாள். அம்மா ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காவும் அதைக் கேட்டு வாங்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் காதோரம், "குடுத்திச்சி பாத்தியாடி" என்றாள், முகமெல்லாம் சிரிப்பு. ஒரு டம்ளர் டீ. அதற்கு முப்பத்தொன்பது வருடம். அவளுக்கு அது போதுமாம். எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை.