வழக்கில் கிடந்த வேலி

எங்கள் கிராமச் சபைக் கந்தோரின் வெளிச்சுவரோடு கொக்கத்தடிகள் சாத்தியிருக்கும். நீண்ட தடியின் நுனியில் வளைந்த இரும்புக் கொக்கி. ஆட்டுக்குக் குழை ஒடிப்பதற்காக ஊரில் எல்லா வீடுகளிலும் ஒரு கொக்கத்தடி இருந்தது. சபையின் தடிகள் அவற்றைவிடக் கனமானவை, கழுத்தில் சிவப்பு வர்ணம் பூசியவை. குழை ஒடிக்க இரவல் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது, அங்கே எழுத்து வேலை பார்த்த இலிகிதரான என் வேலைகளில் ஒன்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொக்கிகள் ஆடுகின்றனவா என்று பார்த்து எண்ணெய் பூசி வைப்பேன். தலைவர் காலையில் சைக்கிளை நிறுத்தியதும் கந்தோருக்குள் வருவதற்கு முன் அந்தத் தடிகளைத்தான் பார்ப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுப்பகுதி அது. பட்டணத்துக்குக் கிழக்கே, கடல்நீரேரிக்கு ஒதுங்கிய ஊர் எங்களுடையது. கந்தோர் வேலைக்குப் பட்டணம் போகிறவர்களும் தோட்டக்காரரும் மீன்பிடிக்கிறவர்களும் கலந்திருந்தோம். ஒழுங்கைகள் ஒடுக்கமானவை. இருபுறமும் ஆள் உயரத்துக்கு மேல், பின்னிய தென்னோலையான கிடுகு வேலி. ஒரு வீட்டு வளவுக்கும் அடுத்த வளவுக்கும் நடுவிலும் வேலி. வேர்பிடித்துத் தளிர்க்கும் கதியால் தடிகளை நெருக்கமாக நட்டு அவற்றோடு கிடுகையோ பனையோலையையோ வரிந்து கட்டுவது வழக்கம். ஊரின் ஒரு கோடியில் தொட்ட ஓலை, வேலி வேலியாக மறுகோடிவரை விடாமல் தொடர்ந்து வரும். அழகுக்கும் மறைப்புக்கும் அது நல்லது. நெருப்புக்கும் அதுதான் பாதை.

தலைவர் பதவிக்கு வந்த வருடம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்று முழுவதும் எரிந்தது. ஒரு வீட்டுக் குசினி அடுப்பில் தொடங்கிய நெருப்பு வேலியில் ஏறி, வேலி வழியே அடுத்த வளவுக்குப் போய், அங்கிருந்து அடுத்ததற்குப் போனது. சனம் வாளிகளோடு நெருப்புக்குப் பின்னால் ஓடியது. நெருப்பு எப்போதும் முன்னால் நின்றது. பட்டணத்திலிருந்து வந்த தீயணைப்பு வண்டியால் ஒழுங்கைக்குள் நுழைய முடியவில்லை. மறுநாள் காலை தலைவர் அந்தச் சாம்பலில் நெடுநேரம் நடந்தார். ஓரிடத்தில் பச்சைப் பூவரசுகள் மட்டும் நின்ற ஒரு சிறு துண்டு வேலி கருகாமல் இருந்தது. அதற்கு அப்பால் இருந்த வீடும் தப்பியிருந்தது. அவர் அதைக் காட்டி, “உதைப் பார் தம்பி. ஓலை இல்லாத இடத்திலை நெருப்புக்குக் கால் இல்லை” என்றார்.

அவருடைய திட்டம் அங்கே தொடங்கியது. ஒவ்வொரு வேலியிலும் இடைக்கிடை ஒரு பாகத்தில் ஓலையை அகற்றி, பச்சைக் கிளுவை மரத் தடிகளை மட்டும் நெருக்கமாக நட வேண்டும். ஒழுங்கைக்கு ஒரு சோடி கொக்கத்தடி. நெருப்புப் பிடித்தால் முதலில் தண்ணீர் அல்ல. காற்றுப் போகிற பக்கத்து வேலியைக் கொக்கத்தடியால் இழுத்து விழுத்த வேண்டும், தண்ணீர் அதற்குப் பிறகு. இதை அவர் ஒரே வாக்கியமாகச் சொல்வார்: “தண்ணியை விடு, வேலியை இழு.” பள்ளிக்கூட மைதானத்தில் பழைய ஓலையைக் கட்டிக் கொளுத்தி, வேலியை எப்படி இழுப்பது என்று பழக்கினார். பிள்ளைகள் அந்த வாக்கியத்தைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள்.

ஆனால் எங்கள் ஊரில் ஒருவரிடம் வேலியைப் பிரி என்று சொல்வது இலேசான காரியமல்ல. வாசிகசாலையில் நடந்த கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சந்திக் கடைக்காரர்தான் முதலில் எழும்பினார். அவர் எழும்பினாலே சனம் சிரிக்க ஆயத்தமாகிவிடும்.

“சேர்மன், ஓலையைக் கழட்டினால் என்ரை மனுசி கிணத்தடியிலை குளிக்கேக்கை ஊர் முழுக்கப் பாக்குமெல்லோ?”

பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவியே குரல் கொடுத்தார். “நான் குளிக்கிறதை விடுங்கோ. இவர் குளிக்கிறேல்லை எண்டது ஊருக்குத் தெரியவந்திடும், அதுதான் இவருக்குப் பயம்.”

சிரிப்பு அடங்கியதும் தலைவர், கிணற்றடிப் பக்கம் வேண்டாம், வேறு பக்கத்தில் பிரிக்கலாம் என்றார். முதலில் தன் வளவிலேயே தொடங்குவதாகவும் சொன்னார். அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்: “உங்கடை தங்கச்சி வீட்டுப் பக்க வேலியும் பிரிபடுமோ?”

தலைவர், “அது வழக்கிலை கிடக்கு” என்றார்.

கூட்டம் தலையாட்டியது. வழக்கில் கிடக்கிற வேலியை யாரும் தொட முடியாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்த நியாயம். ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு வேலி இருந்தது, அல்லது இருந்து முடிந்திருந்தது.

தலைவருக்கு ஒரே ஒரு தங்கை. புகையிரத நிலைய அதிபராக இருந்த கணவர் இறந்தபின், சீதனமாகக் கிடைத்த வளவில் தனியாக இருந்தார். மகன் கொழும்பில் வேலை. அவருடைய வளவு தலைவரின் வளவுக்குக் கிழக்கே, ஒட்டினாற்போல் இருந்தது. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே காணி. எங்கள் பக்கத்தில் எந்த வேலி எந்த வளவுக்கு உரியது என்பது காணி உறுதிப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். உரியவர்தான் அதை ஓலை கட்டி அடைக்கலாம். இந்த வேலியைப் பற்றி மட்டும் இரண்டு உறுதிகளும் இரண்டு விதமாகச் சொல்லின. ஒரு வருடம் வேலியடைப்புக் காலத்தில் தலைவர் தன் பக்கத்திலிருந்து கிடுகு கட்டினார். அடுத்த கிழமை தங்கை தன் பக்கத்திலிருந்து அதன்மேல் இன்னொரு அடுக்குக் கட்டுவித்தார். வேலி இரட்டை வேலியானது. பிறகு வழக்கு வந்தது, பேச்சு நின்றது. தீர்ப்பு வரும்வரை இருவரும் அந்த வேலியில் கை வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லை சரியாக எங்கே இருக்கிறது என்பது தனக்குத் தெரியும் என்று தலைவர் சாட்சிக் கூண்டில் சொன்னார். தங்கையும் அதையே சொன்னார். வழக்கு தவணை தவணையாகப் போய்க்கொண்டிருந்தது. வேலியில் ஓலை காய்ந்து சாம்பல் நிறமானது.

மற்ற வேலை ஒழுங்காக நடந்தது. தலைவர் சொன்னபடியே தன் வளவின் மற்ற மூன்று பக்கங்களிலும் ஓலையை அகற்றிக் கிளுவை நட்டார். அதைப் பார்த்து அயலவர்கள் நட்டார்கள். அயலவர்கள் செய்வதைப் பார்த்து, அவர்களோடு கதையாதவர்கள் போட்டிக்கு நட்டார்கள். அடுத்த வருடம் தோட்டப் பக்கம் பிடித்த ஒரு நெருப்பு, முதல் இடைவெளியில் நின்று அணைந்தது. உதவி ஆணையாளர் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். இப்படி ஒரு காரியத்தை எங்கள் சனம் சேர்ந்து செய்யும் என்று நான் அதற்கு முன் நினைத்ததில்லை.

அது நடந்தது அதற்கு அடுத்த சோளகத்தில். மத்தியானச் சாப்பாட்டுக்காகத் தலைவர் வீட்டுக்குப் போயிருந்தார். அவருடைய வளவுக்குப் பின்னால் யாரோ சருகு கொளுத்தியிருக்கிறார்கள். பொறி பறந்து, அயலில் ஓலை அடர்ந்திருந்த அந்த ஒரே வேலியில் விழுந்தது. அபாயம் அறிவிக்கச் சந்தியில் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டை யாரோ அடித்தார்கள். நான் சைக்கிளில் போனேன். கடைக்காரரும் வேறு சிலரும் கொக்கத்தடிகளோடு எனக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் வளவுக்குள் நுழைந்தபோது தலைவர் கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி வேலிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வேலிக்கு அப்பாலும் கப்பி கிறீச்சிடும் சத்தமும் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. அண்ணனும் தங்கையும் ஒரே வேலியை இரண்டு பக்கத்திலிருந்தும் நனைத்துக்கொண்டிருந்தார்கள். வேலி எரிந்து போனால் எல்லை போய்விடும். அது இருவருக்கும் தெரியும். தண்ணீர் வெளி ஓலையில் வழிந்து விழுந்தது. நெருப்பு இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே, நனையாமல், ஓடிக்கொண்டிருந்தது.

“சேர்மன், தண்ணியை விடுங்கோ, வேலியை இழுங்கோ!” என்று கடைக்காரர் கத்தினார். அவர் பகிடி விடவில்லை. அந்த நேரத்தில் எவருக்கும் வாயில் வரக்கூடிய வசனம் அதுதான்.

தலைவர் திரும்பாமலே, “ஒருத்தரும் தொடாதையுங்கோ! வழக்கிலை கிடக்கு!” என்றார்.

கடைக்காரர் அப்படியே நின்றார். நாங்களும் நின்றோம். அதை இப்போது எழுதும்போது விளங்காத ஒன்றாகத் தெரிகிறது. அன்று அது எங்கள் எல்லாருக்கும் விளங்கியது.

பிறகு நெருப்பு வேலியின் மேல்விளிம்புக்கு வந்தது. தலைவர் வாளியைப் போட்டுவிட்டுக் கடைக்காரரின் கையிலிருந்த தடியை வாங்கினார். கொக்கியை உயர்த்தி வேலிக்கு மேலால் போட்டார். இழுத்திருந்தால் வேலி எங்கள் பக்கம் விழுந்திருக்கும். வேலிக்கு மேலே கொக்கியைக் கண்டதும் அப்பாலிருந்து தங்கையின் குரல் வந்தது.

“அண்ணை! வேலியிலை கை வையாதேங்கோ!”

சில வருடங்களுக்குப் பிறகு அவர் அண்ணனோடு கதைத்த முதல் கதை அது. தலைவரின் கை நின்றது. கொக்கி ஓலையில் மாட்டியபடியே இருந்தது. அவர் இழுக்கவில்லை. காற்று மேற்கிலிருந்து அடித்தது. கதியால்களை விட்டு இரட்டை ஓலை முழுவதும் ஒரே பாளமாகக் கழன்று, கிழக்குப் பக்கம், தங்கை நின்ற இடத்தில் சாய்ந்தது.

கடைக்காரர்தான் முதலில் அதைத் தாண்டிப் போனார். சாக்கை நனைத்துத் தங்கையை மூடி, ஒரு காரில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தலைவரும் ஏறிப் போனார். அந்த வேலியைத் தவிர அன்று வேறு எதுவும் எரியவில்லை. அதற்கு அடுத்த வளவுகளில் எல்லாம் பச்சை இடைவெளிகள் இருந்தன. என் அன்றைய நாட்குறிப்பில் காற்றின் திசையும், சபையின் தடிகளில் ஒன்று எரிந்து போனதும் எழுதப்பட்டிருக்கின்றன. வேறு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் தங்கை சில நாட்கள் உயிரோடு இருந்தார். தலைவர் வாட்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருப்பார். பார்வையாளர் நேரத்தில் உள்ளே போவார். நேரம் முடிய வெளியே வருவார். உள்ளே என்ன கதைத்தார்கள், கதைக்க முடிந்ததா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து தங்கையின் மகன் கொழும்புக்குத் திரும்பும் முன் தலைவரின் முற்றத்தில் வந்து நின்றான். கந்தோர்க் கடிதங்களில் கையொப்பம் வாங்க நானும் அங்கே போயிருந்தேன். “மாமா, எனக்கு வழக்கு வேண்டாம். நீங்கள் விரும்பின இடத்திலை அடையுங்கோ” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பயணம் சொல்கிற குரலிலேயே சொன்னான். தலைவர் “ஓம்” என்றார். எரிந்த கதியால்களை அவர் மரணச் சடங்கு நடந்த கிழமையே வேரோடு பிடுங்குவித்திருந்தார். குழிகளும் மூடப்பட்டிருந்தன.

அடுத்த சபைக் கூட்டத்துக்கு அவர் நேரத்துக்கு வந்தார். ஒரு உறுப்பினர் அனுதாபத் தீர்மானம் கொண்டுவந்தார். ஊரில் முக்கியமானவர்கள் இறந்தால் அப்படிச் செய்வது வழக்கம். தலைமை தாங்குகிறவர் அதை வாசித்துச் சபையின் முன் வைக்க வேண்டும். தலைவர் தங்கையின் பெயரையும், கணவரின் பெயரையும், வட்டாரத்தையும் வாசித்தார். “எதிர்ப்பு உண்டோ?” என்று வழமைபோலக் கேட்டார். “ஏகமனதாக நிறைவேறியது” என்றார். நான் எழுதிக்கொண்டேன். அடுத்த விடயம் சந்தைக் குத்தகை.

பதவிக்காலம் முடியும்வரை வேலித் திட்டத்தை அவர் நடத்தினார். முன்னர் மறுத்தவர்களும் இப்போது மறுப்பில்லாமல் ஓலையைக் கழற்றினார்கள். வழக்கில் கிடந்த வேலிகள்கூடச் சில பிரிக்கப்பட்டன. இரு பகுதியாரும் ஒரே நாளில் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பிரித்துவிட்டுப் போனார்கள். கடைச் சந்தியில் ஒருமுறை யாரோ, “ஊரிலை திறமான இடைவெளி சேர்மன்ரை வளவிலைதான் இருக்கு” என்றபோது, கடைக்காரர் அவனுக்குச் சாமான் கொடுக்க மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் ஊரில் நெருப்பு வளவு தாண்டியதாக எனக்கு நினைவில்லை.

இப்போது கிராமச் சபைகள் இல்லை. கந்தோர்க் கட்டடத்தில் வேறொரு திணைக்களம் இருக்கிறது. வெளிநாட்டுக் காசில் ஒழுங்கைகளுக்கு இருபுறமும் சீமெந்து மதில் எழும்புகிறது. மதிலுக்கு நெருப்புப் பிடிக்காது. கிளுவைகளைத் தறித்துவிட்டுத்தான் அதைக் கட்டுகிறார்கள். நானும் ஒரு பக்கம் கட்டியிருக்கிறேன்.

போன மாதம் தலைவரைப் பார்க்கப் போனேன். முதுமையில் உடல் ஒடுங்கிவிட்டது. கிணற்றடியில் வேட்டி தோய்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு வளவுகளும் ஒன்றாகக் கிடந்தன. நடுவில் வேலியும் இல்லை, மதிலும் இல்லை. கிழக்கு வீடு பூட்டியிருந்தது. அதன் முற்றம் கூட்டியிருந்தது. யார் கூட்டுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஆடுகள் இரண்டு வளவுக்கும் நடுவில் மேய்ந்தன. ஏதாவது கதைக்க வேண்டுமே என்று, “ஐயா, ஆடு மாடு வருகுது. ஒரு மதில் கட்டிவிட்டால் என்ன? மருமோன் விரும்பின இடத்திலை அடைக்கச் சொன்னவன்தானே?” என்றேன்.

அவர் வேட்டியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டார். இரு நுனிகளையும் இழுத்துச் சமப்படுத்தினார்.

“எவடத்திலை கட்டுறது தம்பி? கோட்டுக் கூண்டிலை எல்லை தெரியும் எண்டுதான் சொன்னனான். எனக்கு வடிவாத் தெரியாது” என்றார். பிறகு கிழக்கு வீட்டுப் பக்கம் பார்த்து, “அவளைத்தான் கேக்கவேணும்” என்றார்.